நெப்ராஸ்கா முறையில் ஒரு பொங்கல்

மார்க்கம் நகரத்து மண்டபத்துக்கும் ரொறன்ரோவின் வோபர்னில் நாங்கள் இருக்கிற பதினாலு மாடிக் கட்டிடத்துக்கும் நடுவே ஸ்டீல்ஸ் வீதி ஓடுகிறது. காரில் போகிறவருக்கு அது ஒரு சிவப்பு விளக்கு. மிஞ்சிப் போனால் ஒன்றரை நிமிடம். யோகமலருக்கு அது மூன்று வருடம்.

யோகமலர் பதினோராம் மாடியில் இருக்கிறாள். நான் ஒன்பதாம் மாடி. மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது, கால் திரும்பவில்லை. அந்தப் பெரிய சக்கர நாற்காலியோடு சாதாரணக் காரில் அவளை ஏற்ற முடியாது. ரொறன்ரோவின் சக்கர நாற்காலி பஸ் வாசலுக்கே வரும், ஆனால் ஸ்டீல்ஸோடு அதன் எல்லை முடிந்துவிடும். அங்கே இறங்கி, மார்க்கத்துப் பஸ்ஸுக்கு மாற வேண்டும். ஒருமுறை அவளுடைய கணவர் குலசிங்கம் அண்ணை இரண்டு பஸ்ஸையும் பதியும்போது நேரத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டார். மார்ச் மாதக் காற்றில் ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் எல்லையில் நின்றார்கள். "இனி நான் வரேல்லை. என்னாலை ஆருக்கும் கரைச்சல் வேண்டாம்" என்று அன்றைக்கு யோகமலர் சொன்னதுதான். அதற்குப் பிறகு எங்களுடைய மூத்தோர் வட்டத்தின் ஒரு கூட்டத்துக்கும் அவள் வரவில்லை.

வட்டம் என்றால் பெரிய விஷயமில்லை. அறுபத்தொரு பேர். மார்க்கத்தில் முப்பது, அஜின்கோர்ட்டில் பதினெட்டு, வோபர்னில் பதின்மூன்று. வருடத்தில் ஐந்து ஒன்றுகூடல்: பொங்கல், சித்திரை, கோடை, தீபாவளி, நத்தார் என்கிற கிறிஸ்மஸ். சைவக்காரரும் கிறிஸ்தவரான வேதக்காரரும் கலந்த வட்டம் என்பதால் எல்லாம் எல்லாருக்கும். எங்கே வைப்பது என்று வருடத்துக்கு ஒருமுறை கை உயர்த்துவோம். எந்த இடத்துக்குக் கூடுதலாகக் கை விழுகிறதோ, ஐந்தும் அங்கேயே. மார்க்கத்தில் முப்பது கை இருக்கும்போது எங்கே விழும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

யோகமலர் இல்லாத கூட்டத்தில் சாப்பாடு இருக்கும், பாட்டு இருக்கும், பகிடி இராது. தலைவர் அலெக்ஸாண்டர் நீளமாகப் பேசும்போது பின்வரிசையிலிருந்து ஒரு சொல் போட்டு அவரை இருத்துகிறவள் அவள்தான். குலசிங்கம் அண்ணையும் எப்போதாவது ஒரு மணித்தியாலம் தலையைக் காட்டிவிட்டு, ஒரு வடையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு ஓடிவிடுவார்.

இப்படியே போயிருக்கும். என் மகள் மெலனி ஒமஹாவிலிருந்து எடுத்த தொலைபேசி அழைப்புத்தான் காரியத்தைக் குழப்பியது.

மெலனி அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. அமெரிக்கத் தேர்தல் முடிந்த மறுநாள் கதைத்தாள். "எங்கட ஒரு வாக்கைப் பற்றித்தான் அம்மா ஊரெல்லாம் கதை" என்றாள்.

"உன்ர ஒரு வாக்கோ?"

"என்ரையில்லை, ஒமஹான்ர."

அவள் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரியே உங்களுக்குச் சொல்லுகிறேன். அமெரிக்காவில் ஜனாதிபதியைச் சனம் நேரே தெரிவு செய்வதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் வாக்கு என்று ஒரு தொகை இருக்கிறது. அநேகமாக எல்லா மாநிலத்திலும், ஒரு ஓட்டுக் கூடுதலாக எடுத்தவருக்கும் அந்தத் தொகை முழுதாகப் போய்விடும். மற்றவருக்கு விழுந்த ஓட்டெல்லாம் கடலில் கரைத்த பெருங்காயம்.

"ரெண்டு மாநிலம் மட்டும் அப்பிடியில்லை" என்றாள் மெலனி. "மேய்ன் ஒண்டு, எங்கட நெப்ராஸ்கா மற்றது. எங்களுக்கு அஞ்சு வாக்கு. ரெண்டு, முழு மாநிலத்திலயும் வெண்டவருக்கு. மிச்சம் மூண்டும் மூண்டு காங்கிரஸ் தொகுதிக்கு, தொகுதிக்கு ஒண்டு. ஒமஹாப் பக்கம் ஒரு தொகுதி. மாநிலம் எங்க போனாலும் நாங்கள் எங்கட பாட்டில போகலாம்."

"போனனீங்களோ?"

"போனனாங்கள். வீட்டு வாசலுகளில வெள்ளைப் பலகையில நீலப் பொட்டொண்டு போட்டு நட்டு வைச்சிருந்தவை. சுத்திவர மற்றக் கட்சியின்ர சிவப்பு மாநிலம், நடுவில நாங்கள் எங்கட கட்சியின்ர ஒரு நீலப் பொட்டு எண்டு."

நான் அடுப்பில் பருப்பைத் துழாவிக்கொண்டிருந்தேன். அகப்பை நின்றுவிட்டது. ஐந்து வாக்கு. எங்களுக்கும் ஐந்து ஒன்றுகூடல். அவர்களுக்கு மூன்று தொகுதி. எங்களுக்கும் மூன்று இடம்.

"மெலனி, இன்னொருக்காச் சொல்லு. ஆறுதலாச் சொல்லு" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை தீபாவளி ஒன்றுகூடல், வழக்கம்போல மார்க்கத்தில். சாப்பாட்டுக்கு முன் நான் எழுந்து, நெப்ராஸ்கா மாதிரி நாங்களும் பிரிக்கலாமே என்றேன். முழு வட்டத்திலும் கூடுதலாக வாக்கெடுக்கிற இடத்துக்கு இரண்டு ஒன்றுகூடல். மிச்சம் மூன்றில் மார்க்கத்தார் கேட்கிற இடத்தில் ஒன்று, அஜின்கோர்ட்டார் கேட்கிற இடத்தில் ஒன்று, வோபர்ன்காரர் கேட்கிற இடத்தில் ஒன்று.

அலெக்ஸாண்டர் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மரியம்மா, உது அமெரிக்காக்காரன்ர விளையாட்டு. அவங்களுக்கே உது விளங்கிறதில்லை."

"அண்ணைக்கு விளங்கேல்லையெண்டா அமெரிக்காவுக்கும் விளங்காதுதான்" என்றார் எங்கள் கட்டிடத்து லெஸ்லி.

செயலாளர் றெமிஜியஸ் அஜின்கோர்ட்காரர், எதையும் எழுதிப் பார்க்காமல் நம்பாதவர். பலகையில் ஐந்து கட்டம் கீறி, இரண்டைத் தனியாகவும் மூன்றைத் தனியாகவும் பிரித்தார். அஜின்கோர்ட் கௌசி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "அப்ப எங்கட பக்கத்துக்கும் ஒண்டு வருமோ?"

"நீங்கள் கேட்டா வரும்" என்றேன் நான்.

"பேந்தென்ன, நல்ல சிஸ்டம்தானே."

அலெக்ஸாண்டர் அண்ணை யோசித்தார். பிறகு சிரித்தார். "சரி, வையுங்கோ. நத்தார் ஒன்றுகூடலில கடதாசியில எழுதிப் போடுவம். நான் ஒண்டு சொல்லுறன், வோபர்ன் ஆக்களே மார்க்கம் எண்டுதான் எழுதுவினம். இருந்து பாருங்கோ."

வாசலில் குலசிங்கம் அண்ணை வடையைச் சுற்றிக்கொண்டு நின்றார். லெஸ்லியின் காரில் வந்திருந்தார். "எங்கட கட்டிடத்துப் பார்ட்டி றூம் கீழதானே இருக்கு, தங்கச்சி" என்றார். "அவளுக்குப் பஸ் வேண்டாம். லிப்டே போதும்." அவ்வளவுதான் சொன்னார்.

அலெக்ஸாண்டர் ஏன் சிரித்தார் என்று எனக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை உடுப்புத் தோய்க்கிற அறையில்தான் விளங்கியது. துவாய்களை மடித்துக்கொண்டு எங்கள் பதின்மூன்று பேரையும் பெயர் பெயராக நினைத்துப் பார்த்தேன். ஏழு பேருக்கு மார்க்கத்தில் மகனோ மகளோ இருக்கிறார்கள். ஒன்றுகூடல் மார்க்கத்தில் என்றால் பிள்ளை வந்து ஏற்றிக்கொண்டு போகத்தான் வேண்டும். போகிற வழியில் ஒரு கோப்பி, அன்றிரவு அவர்கள் வீட்டில் படுக்கை, ஞாயிறு பேரப்பிள்ளைகளோடு. ஒன்றுகூடல் எங்கள் கட்டிடத்துக்குக் கீழே என்றால் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை? அந்த ஏழு பேரும் மார்க்கம் என்றுதான் எழுதுவார்கள். ஏழுக்கு ஆறு. தோற்றோம்.

அந்த ஏழில் ஒருத்தி நான்.

என் மகன் மாக்கஸ் கெட்ட பிள்ளை இல்லை. தினமும் ஏழரைக்குக் கோல் எடுப்பான், மருந்து போட்டாச்சோ என்று கேட்பான். ஆனால் அவனுக்கு வேலை, இரண்டு பிள்ளைகள், அவர்களுக்கு நீச்சல், கணக்கு, வயலின். வருடத்தில் ஐந்து சனிக்கிழமை மட்டும் அவன் எனக்கு முழுதாகக் கிடைப்பான். காரில் நான் கதை சொல்லிக்கொண்டு போவேன். அவன் "ம்" என்பான், சில இடத்தில் சிரிப்பான். அந்த ஐந்தில் ஒன்றைக் கொடுக்கச் சொல்லி நானே போய்ப் பிரேரணை வைத்திருக்கிறேன் பாருங்கள்.

அப்போது குலசிங்கம் அண்ணை படுக்கை விரிப்புகளோடு உள்ளே வந்தார். இயந்திரத்துக்குள் திணித்துவிட்டு, திரும்பாமலே கேட்டார். "எங்கட பக்கம் ஏழு பேர் வருமோ, தங்கச்சி?"

"பாப்பம் அண்ணை."

"அவளின்ர மாம்பழக் கலர்ச் சீலையை எடுத்து அயன் பண்ணி வைச்சிருக்கிறன்" என்றார். "அவளுக்கு இன்னும் சொல்லேல்லை."

நான் மடித்த துவாயை உதறி மறுபடியும் மடித்தேன்.

நத்தார் ஒன்றுகூடலுக்கு மாக்கஸ் பத்து மணிக்கு வந்தான். கோப்பிக் கடை வரிசையில் கார் நிற்கும்போது, "வாற வருசத்து அஞ்சு சனிக்கிழமையும் கலண்டரில போட்டு வைச்சிட்டன் அம்மா. வேற ஒண்டும் வராமல்" என்றான். நான் கோப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். "ஏன், சூடோ?" என்று கேட்டான். ஓம் என்றேன்.

மண்டபத்தில் றெமிஜியஸ் மூன்று வெறும் ஐஸ்கிறீம் வாளிகளைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்திருந்தார், இடத்துக்கு ஒன்று. வர முடியாதவர்களுக்கு அவரே வீட்டுக்குப் போய்க் கடதாசி கொடுத்து, உறையில் வாங்கி வந்திருந்தார். யோகமலரின் உறையும் அதில் இருந்தது. எல்லாருக்கும் முன்னாலேயே உறைகளைக் கிழித்து, மடிப்புக் குலையாமல் அந்தந்த வாளிக்குள் போட்டுக் குலுக்கினார். கை உயர்த்தும்போது ஆர் பார்க்கிறார்கள் என்று பார்த்துத்தான் நாங்கள் உயர்த்துவோம். கடதாசி அப்படியில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று எழுதினேன். மாம்பழக் கலர்ச் சீலை ஒன்று அயன் பண்ணியபடி அலுமாரியில் தொங்குவது கண்ணுக்குள் நின்றது. வோபர்ன் என்று எழுதி நாலாக மடித்தேன். எழுதின கையோடு, மற்ற ஆறு பேரும் மாறாவிட்டாலும் இப்போது நாங்கள் ஏழு என்று கணக்கும் பார்த்துக்கொண்டேன்.

மார்க்கத்து வாளி முப்பதும் மார்க்கம். அஜின்கோர்ட் வாளியில் பதினொன்று அஜின்கோர்ட், ஏழு மார்க்கம். கௌசி கை தட்டினாள். முழு வட்டத்துக்கான இரண்டும் எப்படியும் மார்க்கத்துக்கு என்பது அதோடு தெரிந்துவிட்டது.

எங்கள் வாளி கடைசி. றெமிஜியஸ் ஒவ்வொன்றாக விரித்து, எல்லாருக்கும் காட்டி, வாசித்தார். வோபர்ன். மார்க்கம். மார்க்கம். வோபர்ன். ஐந்தாவது கடதாசியை விரித்தவர் உடனே வாசிக்கவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு திசைக்குச் சாய்ந்து, கடதாசி முழுக்கப் பரவிக் கிடந்தன. வலக்கைக்காரர் இடக்கையால் எழுதிய எழுத்து. எங்கள் வட்டத்தில் அப்படி எழுதுகிறவள் ஒருத்திதான்.

"மார்க்கம்" என்று வாசித்தார் றெமிஜியஸ்.

குலசிங்கம் அண்ணை எனக்கு முன் கதிரையில் இருந்தார். அவருடைய தோள் அப்படியே கீழே இறங்கியதைப் பார்த்தேன். யோகமலரின் வாக்கை நான் எங்கள் பக்கம் வைத்தல்லவோ கணக்குப் பார்த்தேன். இப்போது நாங்கள் மறுபடியும் ஆறு.

வோபர்ன். வோபர்ன். மார்க்கம். மார்க்கம். வோபர்ன். மார்க்கம். வோபர்ன். பன்னிரண்டு கடதாசி முடிந்தது. ஆறுக்கு ஆறு. வாளியில் ஒன்று கிடந்தது. நாலாக மடித்த எனது கடதாசி ஏற்கெனவே வாசித்தாகிவிட்டது. அது மார்க்கத்துக்குத்தான் என்று எனக்குத் தெரியும். கணக்குப்படி அது மார்க்கமாகத்தான் இருக்க வேண்டும்.

றெமிஜியஸ் விரித்தார். "வோபர்ன்."

லெஸ்லி விசிலடித்தார். அலெக்ஸாண்டர் அண்ணை தன் கையாலேயே கடதாசிகளை எடுத்து மறுபடி எண்ணினார். ஏழுக்கு ஆறு. "சரியாத்தான் கிடக்கு" என்றார், கொஞ்சம் கவலையோடு.

நான் அந்த மற்ற ஆறு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். மார்க்கத்தில் பிள்ளை உள்ளவர்கள். ஒருவர் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் போல அவர்களில் ஒருவர் ஒரு சனிக்கிழமையைக் கொடுத்திருக்கிறார். ஆர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால் ஆறு பேரோடும் நான் முந்தியைவிட நல்லமாதிரி.

எந்த ஒன்றுகூடல் எங்கே என்று சீட்டுப் போட்டார்கள். அஜின்கோர்ட்டுக்குச் சித்திரை. எங்களுக்கு முதலாவது, தைப்பொங்கல்.

"வெண்டும் வெண்டீங்கள், ஸ்நோவுக்குள்ள வெண்டிருக்கிறீங்கள்" என்றார் அலெக்ஸாண்டர்.

பொங்கலுக்கு முந்தின கிழமை மாக்கஸ் ஏழரைக் கோலில் கேட்டான். "எத்தினை மணிக்கு வரட்டும்?"

"நீ வரத் தேவையில்லை ராசா. நான் லிப்டில இறங்கினாச் சரி."

"ஓ, ஓம் என்ன" என்றான். மருந்து போட்டாச்சோ என்று கேட்டுவிட்டு வைத்தான்.

பொங்கலன்று காலை கண்ணாடிக்கு வெளியே உழுத்தம் மாப்போல ஸ்நோ கொட்டியது. பார்ட்டி றூமில் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் பானையை அங்கேயிருந்த மின்சார அடுப்பில் ஏற்றினோம். அடுப்பு சின்னது, பானை பெரியது. பால் ஒரு பக்கம் சூடாகி மற்றப் பக்கம் யோசித்துக்கொண்டிருந்தது. ஐந்து பேர் சுற்றி நின்று ஐந்து விதமாகப் புத்தி சொன்னோம். வேதக்காரியான நான்தான் கூடுதலாகச் சொன்னேன்.

லிப்ட் கதவு திறந்தது. குலசிங்கம் அண்ணை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாம்பழக் கலர்ச் சீலை. கொசுவம் கொஞ்சம் கோணல், அவர் கட்டிவிட்டதாக்கும். தலையில் பூ இல்லை, ஆனால் எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தது. ஒருவரும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவில்லை. அப்படிச் செய்தால் அவளுக்குப் பிடிக்காது என்று எங்களுக்குத் தெரியும். அடுப்புக்குக் கிட்ட இடம் விட்டோம். அவள் மூக்கைச் சுருக்கினாள்.

"பால்… அடியில… பிடிக்குது" என்றாள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு ஒன்றுகூடலில் அவள் சொன்ன முதல் சொல். உண்மையாகவே அடிப்பிடித்துத்தான் இருந்தது.

பதினொரு மணிபோல வாசலில் ஒரு வான் வந்து நின்றது. ஓட்டுநர் பக்கத்தால் இறங்கியவனை எனக்கு நடையிலேயே தெரிந்தது. மாக்கஸ். மற்றப் பக்கத்தைத் திறந்து, அலெக்ஸாண்டர் அண்ணையைக் கையில் பிடித்து, வழுக்காமல் ஒவ்வொரு அடியாக இறக்கினான். பின்னால் இன்னும் மூன்று பேர்.

"நீ என்னத்துக்கு வந்தனி?" என்றேன், கையில் கரண்டியோடு.

"அங்கிள் ஸ்நோவில கார் ஓடமாட்டாராம். மார்க்கம் ஆக்களை ஏத்திக்கொண்டு போக ஆள் வேணுமெண்டு குறூப்பில போட்டிருந்தவை. சனிக்கிழமை எனக்குக் கலண்டரில பிறீயாத்தானே கிடந்தது."

அலெக்ஸாண்டர் அண்ணை மூச்சு வாங்கினார். "என்னப்பா, இந்த வோபர்ன் இவ்வளவு தூரமோ?"

"இருபத்திரண்டு நிமிசம் அண்ணை" என்றார் லெஸ்லி. "நாங்கள் கனகாலமா அளந்து வைச்சிருக்கிறம்."

அலெக்ஸாண்டர் அண்ணை மேலங்கியைக் கழற்றிவிட்டு, தலைவர் உரைக்காகத் தொண்டையைச் செருமினார். எப்படியும் இருபது நிமிடம் என்று எல்லாரும் கதிரை தேடினோம்.

"அண்ணை… மெலிஞ்சிட்டார்" என்றது ஒரு மெல்லிய குரல் நாற்காலியிலிருந்து. அலெக்ஸாண்டருக்கு முகம் மலர்ந்தது. "வயித்துக்குத்தான்… இன்னும்… ஆரும் சொல்லேல்லை."

முதலில் சிரித்தவர் அலெக்ஸாண்டர்தான். சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார், உரை அப்படியே போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. எந்தப் பக்கம் பொங்கியது என்று கேட்காதீர்கள், நாலு பக்கமும்.

மாக்கஸ் இரண்டு மணிக்குப் புறப்பட வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு நீச்சல்; கொண்டுவந்த நாலு பேரையும் அவனே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, நானும் கேட்கவில்லை. பொங்கலை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "சித்திரை எங்க, அஜின்கோர்ட்டோ?" என்றான்.

"ஓம்."

"அப்ப வாறன்" என்றான், கதவைத் திறந்துகொண்டு. குளிர் உள்ளே வந்தது.

சனம் பாத்திரம் கழுவப் போன பிறகு நானும் யோகமலரும் ஜன்னலோரம் இருந்தோம். குலசிங்கம் அண்ணை றெமிஜியஸோடு காட்ஸ் விளையாடிக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் அவர் இருந்த இடத்தில் இவ்வளவு நேரம் இருந்து நான் பார்த்ததில்லை.

"நீ ஏனடி அப்பிடி எழுதினனி?" என்று மெதுவாகக் கேட்டேன். "மனுசன் உன்ர கையெழுத்தைக் கண்டு கூனிப் போனார்."

அவள் சொல்லைத் தேடினாள். நான் அவசரப்படுத்தவில்லை.

"உனக்கு… மகன்… அஞ்சு நாள்தானே" என்றாள். "எனக்கு… இவர்… ஒவ்வொரு நாளும்."

நான் வெளியே ஸ்நோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாக்கஸின் வான் போன தடம் அரைவாசி மூடிவிட்டது.

அவள் இடக்கையால் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "நீ… எங்க போட்டனி?"

"இரகசிய வாக்கெடி அது. சொல்லக் கூடாது."

"கள்ளி" என்றாள், அந்த ஒரு சொல்லைத் தடங்காமல்.